அலாரம் அடித்தால் முதலில் நம்புங்கள்

"ஃபால்ஸ் அலாரம் சார், டிடெக்டர் போயிருக்கும்." அணுமின் நிலையத்தில் இன்ஸ்ட்ருமென்டேஷன் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே இந்த வாக்கியம் நாக்கில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டவிடாதீர்கள். கூடங்குளத்தில் 1000 மெகாவாட் யூனிட் இரண்டு ஓடுகின்றன, இன்னும் நான்கு கட்டுமானத்தில் இருக்கின்றன. கல்பாக்கத்திலும் வேலை இருக்கிறது. அதற்குப் போட்டி போட ஐ.டி.ஐ., டிப்ளமோ, பி.எஸ்சி. முடித்தவர்களும் ஏராளம். மல்டிமீட்டர் பிடிக்க எல்லோருக்கும் தெரியும். ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு ரேடியேஷன் மானிட்டர் அலறும்போது ஷிஃப்ட் இன்சார்ஜ் யாரைக் கூப்பிடச் சொல்கிறார் என்பதுதான் கணக்கு. "இந்த ரீடிங் உண்மை" என்றோ, "இது பொய், ஆதாரம் இதோ" என்றோ சொல்லத் தெரிந்தவரைத்தான் அவர் கூப்பிடுவார்.

நம்பாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஃபுகுஷிமா இருக்கிறது. 2011 மார்ச் 24 அன்று மூன்றாம் யூனிட்டின் டர்பைன் கட்டட அடித்தளத்தில் மூன்று தொழிலாளர்கள் கேபிள் இழுத்துக்கொண்டிருந்தார்கள். முந்தைய நாள் சர்வேயில் ரேடியேஷன் குறைவாக இருந்தது. அன்று தரையில் தண்ணீர் தேங்கியிருந்தது. டோசிமீட்டர்கள் அலாரம் அடித்தன. கருவிதான் கோளாறு என்று நினைத்து வேலையைத் தொடர்ந்தார்கள். அந்தத் தண்ணீரின் மேற்பரப்பில் மணிக்குச் சுமார் 400 மில்லிசீவர்ட் இருந்தது பிறகுதான் தெரிந்தது. மூவருக்கும் 170 மில்லிசீவர்ட்டுக்கு மேல் டோஸ் ஏறியிருந்தது. இந்தியாவில் கதிர்வீச்சுப் பணியாளருக்கு ஐந்து ஆண்டு சராசரியாக வருடத்துக்கு 20, எந்த ஒரு வருடத்திலும் அதிகபட்சம் 30 என்பதுதான் வரம்பு.

நம்பினால் என்ன நடக்கும் என்பதற்கு ஸ்வீடனின் ஃபோர்ஸ்மார்க். 1986 ஏப்ரல் 28 காலையில் ஒரு ஊழியரின் ஷூவைப் பார்த்து கான்டாமினேஷன் மானிட்டர் அலாரம் அடித்தது. மானிட்டரைத் திட்டிவிட்டுப் போயிருக்கலாம். அவர்கள் ஷூவைச் சோதித்தார்கள். கசிவு தங்கள் ரியாக்டரிலிருந்து வரவில்லை, காற்றில் வந்திருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். சுமார் 1,100 கிலோமீட்டர் தள்ளியிருந்த செர்னோபில் விபத்து உலகத்துக்குத் தெரியவந்தது அப்படித்தான். மானிட்டர் பழுதே ஆகவில்லை.

இனி வேலைக்கு வருவோம்.

1. ஸ்க்ரூடிரைவரை எடுக்கும் முன் சாட்சி தேடுங்கள். பக்கத்துச் சேனல் என்ன காட்டுகிறது? ஹெல்த் பிசிக்ஸ் ஆள் போர்ட்டபிள் சர்வே மீட்டரோடு வந்து அதே இடத்தில் அளந்தால் என்ன வருகிறது? காற்று மானிட்டர் என்றால் தனியாக எடுத்த சாம்பிள் என்ன சொல்கிறது? இந்த மூன்றுக்கும் பதில் வருகிறவரை ரீடிங் உண்மை என்றே வைத்துக்கொண்டு நடங்கள். அந்த இடத்துக்குள் நீங்களாகப் போய் நிற்காதீர்கள். பெர்மிட், டோஸ் அளக்கும் டி.எல்.டி. பேட்ஜ், டி.ஆர்.டி., அதன் பிறகுதான் கால் உள்ளே போக வேண்டும். துணிச்சல்காரர் என்று பெயர் வாங்கினால் யாரும் புரமோஷன் தரப்போவதில்லை.

2. கன்ட்ரோல் ரூமுக்குச் சொல்லாமல் எந்தச் சேனலையும் தொடாதீர்கள். முக்கியமான இடங்களில் மூன்று சேனல் இருக்கும், இரண்டு ஒத்துப்போனால் ட்ரிப். நீங்கள் ஒன்றைக் கழற்றும் நேரத்தில் இன்னொன்று துள்ளினால் கன்டெய்ன்மென்ட் பாக்ஸ்-அப் ஆகிவிடும், அதாவது வெளிவழிகள் மூடிக்கொள்ளும். அடுத்த நாள் மீட்டிங்கில் உங்கள் பெயர் அடிபடும். எந்தச் சேனல், எவ்வளவு நேரம், பைபாஸ் போட்டது யார் என்று மூன்றையும் போனில் சொல்லுங்கள். எதிர்முனையில் இருப்பவரைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்.

3. எண்ணைப் பார்க்காமல் ட்ரெண்டின் வடிவத்தைப் பாருங்கள். ஜூனியர்களைப் பிரித்துக் காட்டுவது இந்த இடம்தான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

ஊசி மாதிரிக் குத்திட்டு எழுந்து உடனே விழுந்தால் மின்காந்த இரைச்சலைச் சந்தேகியுங்கள். பக்கத்தில் வெல்டிங் நடந்ததா, யாராவது வாக்கி-டாக்கியை அழுத்தினார்களா என்று விசாரித்து, நேரத்தை ஒப்பிடுங்கள். நாள்கணக்கில் மெல்ல மெல்ல ஏறினால் ஈரம். அயனைசேஷன் சேம்பரின் சிக்னல் பிக்கோஆம்பியர் அளவில் இருக்கும். கனெக்டருக்குள் கடல்காற்றின் உப்பும் ஈரமும் படிந்தால் அதன் வழியாகக் கசியும் கரன்ட்டே சிக்னலை மிஞ்சிவிடும். நம் நிலையங்கள் இரண்டும் கடலோரத்தில் இருப்பதால் கழற்றிச் சுத்தம் செய்து உலர்த்த வேண்டிய முதல் சந்தேக நபர் கனெக்டர்தான்.

ரீடிங் அசையவே இல்லை என்றால்? இதற்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். கதிரியக்கச் சிதைவு தற்செயலானது. நூறு கவுன்ட் வரும் இடத்தில் ஒருமுறை 92 வரும், ஒருமுறை 107 வரும். உயிரோடு இருக்கும் டிடெக்டர் ஆடிக்கொண்டே இருக்கும். மணிக்கணக்கில் ஒரே எண்ணில் நிற்கும் மானிட்டர் எவ்வளவு அழகான எண்ணைக் காட்டினாலும் செத்துப்போனது. அது அலாரம் அடிக்காது என்பதால் யாரும் உங்களைக் கூப்பிடவும் மாட்டார்கள். ஷிஃப்ட் தொடங்கியதும் எல்லா ட்ரெண்டையும் ஒரு சுற்றுப் பார்த்து, செத்த கோட்டைக் கண்டுபிடிப்பவர் டீமில் ஒருவர்தான் இருப்பார். அந்த ஒருவர் நீங்களாக இருங்கள்.

4. குறைந்த ரீடிங் என்றால் பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள். செர்னோபிலில் விபத்து நடந்த இரவு கையில் இருந்த மீட்டர்களின் உச்ச அளவு மணிக்கு 3.6 ராண்ட்ஜன். முள் அங்கே போய் முட்டி நின்றது. அதையே உண்மை அளவு என்று மேலிடத்துக்குச் சொன்னார்கள். ஜி.எம். (கைகர்-முல்லர்) ட்யூபில் இன்னொரு ஆபத்தும் உண்டு. ஃபீல்டு மிக அதிகமானால் பல்ஸ்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும், ட்யூபுக்கு மீள நேரம் கிடைக்காது, ரீடிங் கீழே இறங்கும். நல்ல மீட்டரில் இதைக் கண்டுபிடித்து ஓவர்ரேஞ்ச் காட்டும் சர்க்யூட் இருக்கும். உங்களிடம் இருப்பதில் இருக்கிறதா என்று மேனுவலைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். மீட்டரை ஓர் இடத்தை நோக்கிக் கொண்டுபோகும்போது ரீடிங் ஏறி, பிறகு சட்டென்று விழுந்தால் ஒரு நொடிகூட யோசிக்காமல் பின்வாங்குங்கள்.

கல்பாக்கம் போன்ற கனநீர் ரியாக்டரில் வேலை என்றால் ட்ரைடியத்தை மறக்காதீர்கள். அதன் பீட்டாவின் உச்ச ஆற்றலே 18.6 கிலோ எலக்ட்ரான் வோல்ட்தான், ஜி.எம். ட்யூபின் சுவரையே தாண்டாது. மீட்டர் வெறும் பேக்கிரவுண்டு மட்டும் காட்டும் அறையிலும் ட்ரைடியம் இருக்கலாம். அதற்குக் காற்று சாம்பிளும் யூரின் சாம்பிளும்தான் வழி.

5. டார்ச் லைட்டைப் பையில் வையுங்கள். ஆல்ஃபா ப்ரோபின் முகத்தில் அலுமினியம் பூசிய மெல்லிய மைலார் ஷீட் இருக்கும். அதன் பின்னால் சின்டிலேட்டர், அதற்கும் பின்னால் ஃபோட்டோமல்டிப்ளையர். ஷீட்டில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை ஒன்று விழுந்தாலும் வெளிச்சம் உள்ளே போய்விடும், கவுன்ட் எகிறும். சோர்ஸ் எதுவும் அருகில் இல்லாத இடத்தில் ப்ரோபை வைத்து, டார்ச்சை அதன் முகத்தில் மூலையிலிருந்து மூலைக்கு மெதுவாக நகர்த்துங்கள். ஒரே ஒரு புள்ளிக்கு வரும்போது மட்டும் கவுன்ட் பாயும். அதுதான் ஓட்டை. ஷீட்டை மாற்றினால் வேலை முடிந்தது. இதைச் செய்யாமல் கார்டு கார்டாக மாற்றி ஒரு ஷிஃப்டையே தொலைப்பவர்கள் இருக்கிறார்கள்.

6. செக் சோர்ஸின் வயதைக் கேளுங்கள். கோபால்ட்-60இன் அரையாயுள் 5.27 வருடம். பத்து வருடம் முன்பு வாங்கிய சோர்ஸ் என்றால் இப்போது கால் பங்கைவிடச் சற்றே அதிகம்தான் மிச்சம் இருக்கும். சீசியம்-137 என்றால் ஏறக்குறைய 80 சதவீதம் இருக்கும். சான்றிதழில் உள்ள பழைய எண்ணை வைத்துக்கொண்டு "மீட்டர் குறைவாகக் காட்டுகிறது" என்று காலிபரேஷன் பொட்டென்ஷியோமீட்டரைத் திருகினால் நல்ல மீட்டரை நீங்களே கெடுத்துவிடுவீர்கள். இன்றைய தேதிக்கு வரவேண்டிய அளவைக் கணக்குப் போட்டு ஒரு தாளில் எழுதி சோர்ஸ் பெட்டியில் ஒட்டிவையுங்கள். இரண்டு நிமிட வேலைதான். அந்தத் தாளைப் பார்க்கும் ஆடிட்டர் எழுதியது யார் என்று கேட்பார்.

7. போர்ட்டல் மானிட்டரில் ஆள் மாட்டினால் பொறுமை தேவை. ரேடானின் சேய்த் தனிமங்கள் தூசியோடு சேர்ந்து பாலியெஸ்டர் துணியில் எளிதில் ஒட்டிக்கொள்ளும். அரை மணி நேரம் கழித்து மறுபடி எண்ணுங்கள். கவுன்ட் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தால் ரேடானாகத்தான் இருக்கும். குறையாமல் நின்றால் கான்டாமினேஷனைச் சந்தேகியுங்கள். 2014 ஜனவரி கடைசியில் இங்கிலாந்தின் செல்லஃபீல்டில் எல்லை மானிட்டர் ஒன்று உயர்ந்த அளவைக் காட்டியது. அத்தியாவசியம் இல்லாத ஊழியர்களை வரவேண்டாம் என்றார்கள். காரணம் இயற்கையான ரேடான் என்று அளந்து நிரூபித்த பிறகுதான் அறிவித்தார்கள். அதுதான் சரியான வரிசை. மாட்டியவர் அண்மையில் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்திருக்கவும் வாய்ப்பு உண்டு. டெக்னீஷியம்-99எம் ஆறு மணி நேரத்தில் பாதியாகும், அயோடின்-131க்கு எட்டு நாள் ஆகும். இதை க்யூவில் எல்லோர் முன்னாலும் கேட்காதீர்கள். தனியே அழைத்து மெதுவாகக் கேளுங்கள். அவர் உடல்நலம் அடுத்தவர் காதில் விழ வேண்டியதில்லை.

8. மாற்றிப் பார்க்கும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கேபிளை மாற்றிவிட்டு, கையோடு ப்ரீஆம்ப்ளிஃபையரையும் மாற்றினால் கோளாறு போய்விடும். எது கோளாறு என்று கடைசிவரை தெரியாது. சந்தேகத்துக்குரிய கார்டை நல்ல சேனலில் செருகிச் சோதிக்காதீர்கள், வேலை செய்யும் சேனலையும் இழப்பீர்கள். டெஸ்ட் பெஞ்சில் செருகுங்கள். கன்ட்ரோல் பக்கத்திலிருந்தே பல்ஸர் போட்டு எலக்ட்ரானிக்ஸை முதலில் சோதித்துவிட்டால், ஃபீல்டுக்குள் போகவேண்டிய நேரம் பாதியாகும். டோஸும் குறையும். உங்கள் வருடாந்தர டோஸ் ஒரு பட்ஜெட். ஷட்டவுன் நேரத்தில் டோஸ் மிச்சம் இருக்கிறவருக்குத்தான் நல்ல வேலைகள் போகும்.

9. லாக்புக்தான் உங்கள் விளம்பரப் பலகை. "செக்டு, ஓகே" என்று எழுதுபவரை யாரும் நினைவில் வைக்கமாட்டார்கள். வந்தபோது என்ன ரீடிங், எந்தச் சாட்சி என்ன சொன்னது, எதைத் தொட்டீர்கள், சோர்ஸ் செக்கில் எதிர்பார்த்தது எவ்வளவு, வந்தது எவ்வளவு, பைபாஸ் எடுத்த நேரம் எது. ஐந்து வரி போதும். கோளாறு தெரியவில்லை என்றால் அதையும் நேராக எழுதுங்கள், எந்த நிலைமையில் மறுபடி வரலாம் என்ற ஊகத்தோடு. மூன்று மாதம் கழித்து அதே மானிட்டர் துள்ளும்போது இன்னொரு ஷிஃப்ட் உங்கள் வரிகளைப் படிக்கும். முன்பின் பார்க்காத சீனியர்கூட உங்கள் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்வார்.

10. இன்டர்வியூவில் பெரும்பாலும் இந்தக் கேள்வி ஏதோ ஒரு வடிவத்தில் வரும்: "ரியாக்டர் கட்டடத்தில் ஏரியா மானிட்டர் பூஜ்யம் காட்டுகிறது, என்ன செய்வீர்கள்?" பவர் சப்ளை பார்ப்பேன் என்று தொடங்குபவர்கள் அதிகம். நீங்கள் இப்படித் தொடங்குங்கள்: "பேக்கிரவுண்டு எங்கேயும் பூஜ்யம் ஆகாது சார், அதனால் இது கோளாறு அல்லது சாச்சுரேஷன். இரண்டாவதாக இருக்கலாம் என்று வைத்துக்கொண்டு அந்த ஏரியாவுக்குள் யாரும் போகாமல் நிறுத்தச் சொல்வேன். பக்கத்து மானிட்டரையும் ட்ரெண்டையும் பார்ப்பேன். ஹெல்த் பிசிக்ஸை ஹை-ரேஞ்ச் மீட்டரோடு தூரத்திலிருந்து அளக்கச் சொல்வேன். பிறகுதான் ஹை வோல்டேஜ், கேபிள், டிடெக்டர்." பிறகு நிறுத்திவிடுங்கள். பேனலில் ஹெல்த் பிசிக்ஸ்காரர் இருந்தால் அடுத்த கேள்வி ட்ரைடியத்துக்குத் தாவும், நான்காவது குறிப்பைப் படித்துவிட்டுப் போங்கள்.