பழங்கட்டடம் காக்க வரும் பிள்ளைகளுக்கு

1. முதலில் அளவெடுக்கப் பழகுங்கள். டேப், தூக்குக்குண்டு, ரசமட்டம், ஒரு நோட்டு, இவை போதும். உங்கள் ஊரில் யாரும் கவனிக்காத ஒரு சத்திரமோ மண்டபமோ கட்டாயம் இருக்கும். அதன் தரைப்படத்தையும் குறுக்குவெட்டையும் வரையுங்கள். ஒவ்வொரு விரிசலையும் குறியுங்கள். விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதி, ஒரு மழைக்காலம் கழித்துத் திரும்பப் போய்ப் பாருங்கள். கோட்டைத் தாண்டி நீண்டிருந்தால் அடித்தளத்தில் அசைவு இருக்கக்கூடும். சென்னைச் சேப்பாக்கத்தின் பழைய மாளிகையான கலச மஹால் 2012 ஜனவரியில் தீப்பிடித்துக் கூரை இழந்தது. பிறகு அரசு அதைச் சீரமைத்தது. அப்படி ஒரு நாள் உங்கள் ஊர்ச் சத்திரத்துக்கும் வரலாம். அன்று நீங்கள் வரைந்து வைத்த தாள்தான் துணை.

2. சுண்ணாம்பில் கை வையுங்கள். இதைத்தான் எல்லாவற்றுக்கும் மேலாகச் சொல்வேன். பழைய செங்கல் சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சி, பூச்சின் வழியே வெளியே விடும். சுண்ணாம்புப் பூச்சு அதற்கு வழி விடுகிறது. அதன்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கும். உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகிச் செங்கல் பொடிப்பொடியாக உதிரும். வெளியில் சுவர் புதிதாகத் தெரியும், உள்ளே இற்றுக்கொண்டிருக்கும். எத்தனையோ நல்ல கட்டடங்கள் அக்கறையோடு செய்த பழுதுபார்ப்பிலேயே இப்படி அழிந்தன.

கோடை விடுமுறையில் சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் ஒருவரிடம் சேருங்கள். கிளிஞ்சல் சுண்ணாம்பை நீற்றி, சலித்து, மணலோடு அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டுப் பதம் பார்ப்பதை அவர் கையிலிருந்துதான் கற்க முடியும். செட்டிநாட்டு வீடுகளின் பளபளப்பான வெண்பூச்சில் முட்டை வெள்ளைக்கரு சேரும். மேல்பூச்சை வழவழப்பான கல்லால் பொறுமையாகத் தேய்த்தே அந்த மெருகு வரும். இந்த வேலை தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். அவர்களை அண்ணன் என்று கூப்பிட்டுக் கூடவே நில்லுங்கள், சித்தாள் வேலையும் செய்யுங்கள். கேட்டதை அன்றிரவே எழுதிவிடுங்கள்.

3. புதிதாக்கத் துடிக்காதீர்கள். மணல்வீச்சால் கோயில் சுவர்களைச் சுத்தம் செய்தபோது கல்லின் மேல்தோலோடு கல்வெட்டு எழுத்துகளும் தேய்ந்தன. அதை மீட்க எந்தத் தொழில்நுட்பமும் இல்லை. தஞ்சைப் பெரிய கோயிலை நினைத்துக்கொள்ளுங்கள். 1931இல் பேராசிரியர் கோவிந்தசாமி கருவறையைச் சுற்றிய உள்வழியில் நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பதைக் கண்டார். பிற்காலத்தில் தொல்லியல் துறையின் வேதியியலாளர்கள் மேல் அடுக்கைப் பக்குவமாகப் பெயர்த்துத் தனியே பதித்துக் காத்தார்கள். சோழரும் நிலைத்தார், நாயக்கரும் நிலைத்தார். நம் தொழிலில் இதைவிட உயர்ந்த பாடம் எனக்குத் தெரியாது.

4. கல்வெட்டை வாசிக்கச் சுண்ணக்கட்டி தேய்க்காதீர்கள், மாவு பூசாதீர்கள். முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலைப் பக்கவாட்டில் திருப்பினாலே எழுத்து எழும். எழுத்தைக் காகிதத்தில் மைப்படி எடுப்பதை அனுமதியோடு, தெரிந்தவர் பக்கத்திலிருந்து பழகுங்கள்.

5. கட்டடக்கலை படித்தால்தான் இடமுண்டு என்று தயங்க வேண்டாம். வரலாறு, சிவில், வேதியியல் படித்தவர்களும் வேண்டும். எழும்பூர் அருங்காட்சியகத்தில் வேதியியல் பாதுகாப்புக் கூடம் 1930களிலிருந்தே இயங்குகிறது. செப்புத்திருமேனிகளைத் தின்னும் பச்சைக் களிம்பை எப்படி நிறுத்துகிறார்கள் என்று அங்கே கேளுங்கள். மாமல்லபுரத்தில் 1957இல் தொடங்கிய அரசுக் கல்லூரி சிற்பமும் மரபுக் கட்டடக்கலையும் கற்பிக்கிறது. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டியலும் தொல்லியலும் உண்டு. பாதுகாப்புக்கென்றே முதுநிலைப் படிப்பு வேண்டுமென்றால் டெல்லி, அகமதாபாத் போகலாம்.

6. மரபைக் காக்க 1984இல் தொடங்கிய இன்டாக் அமைப்புக்குப் பல ஊர்களில் கிளைகள் உண்டு. பழைய கட்டடங்களைப் பட்டியலெடுக்கும் வேலைக்குப் போய்க் கேளுங்கள். ஏப்ரல் 18 உலக மரபு நாள், நவம்பர் 19 முதல் 25 வரை மரபு வாரம், ஆகஸ்டில் சென்னை நாள். இந்த நாட்களில் பள்ளிப் பிள்ளைகளை ஒரே ஒரு தெரு மட்டும் கூட்டிப் போய்க் காட்டுங்கள். முட்டுக்காட்டுத் தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில், பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். ஒருநாள் முழுதும் உத்தரங்களின் பொருத்துகளை மட்டும் பாருங்கள்.

7. சட்டத்தையும் அதன் எல்லையையும் அறியுங்கள். மத்திய அரசு காக்கும் சின்னங்களைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது, அதற்கப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும். ஆனால் நம் தெருக்களின் பழைய வீடுகளில் பெரும்பாலானவற்றுக்கு எந்தச் சட்டக் காவலும் இல்லை. வீட்டுக்காரர் மனம்தான் காவல். எனவே அங்கே போய் மரபின் பெருமையைப் பேசாதீர்கள். மாடி எங்கே ஒழுகுகிறது என்று கேளுங்கள். ஐப்பசி மழைக்கு முன் மொட்டை மாடியின் தண்ணீர்க் குழாய் வாயில் அடைத்த சருகை அள்ளிக் கொடுங்கள். சுவரில் அரசங்கன்று முளைத்திருந்தால் பிஞ்சிலேயே பிடுங்குங்கள். வேர் தடித்துவிட்டால் இழுக்கக் கூடாது, சுவரும் சேர்ந்து வரும். தண்டை அறுத்து, வேரைச் சாகடித்த பிறகு, அந்த இடுக்கைச் சுண்ணாம்புக் காரை கொண்டு அடையுங்கள்.