‘கன்’ என்னும் ஆங்கிலச் சொல்லும் அதன் மரபுத்தொடர்களும்: செருமானிய மொழிபெயர்ப்பில் நிகரன் சிக்கல்

முன்னுரை

ஒரு மொழி ஒரே சொல்லால் சுட்டும் பொருட்பரப்பை மற்றொரு மொழி பல சொற்களாகப் பகுத்துக்கொள்வது உண்டு. ஆங்கிலத்தில் ‘கன்’ என்பது கைத்துப்பாக்கி முதல் போர்க்கப்பலின் பீரங்கி வரை குறிக்கும். இச்சொல்லைச் செருமானியத்தில் பெயர்ப்பதில் எழும் சிக்கலைச் சொல், மரபுத்தொடர் என்னும் இரு நிலைகளில் இக்கட்டுரை ஆராய்கிறது.

சொல் நிலை

செருமானியத்தில் நீள்குழல் துப்பாக்கி ‘கெவேர்’; கைத்துப்பாக்கி ‘பிஸ்டோலே’; பீரங்கி ‘கனோனே’ அல்லது ‘கெஷ்யூட்ஸ்’. பொதுச்சொல்லாகிய ‘ஷுஸ்வாஃபே’ சட்டத்திற்கும் காவல்துறை அறிக்கைக்கும் உரிய நடையினது. கதைமாந்தர் உரையாடலில் விறைப்பாக ஒலிக்கும். ஆகவே, ‘அவன் கன்னை எடுத்தான்’ என்னும் எளிய தொடருக்கும் மொழிபெயர்ப்பாளர் கருவியின் வகையைச் சூழலிலிருந்து உய்த்துணர வேண்டும். அன்றேல் ஆயுதம் எனப் பொருள்படும் ‘வாஃபே’ என்பதைக் கொள்ள வேண்டும். கருவியின் வகையை மறைத்து நகரும் துப்பறியும் புதினத்தில், ‘பிஸ்டோலே’ என்னும் தெரிவு மூல ஆசிரியர் மறைத்ததை வெளிப்படுத்திவிடும்.

மரபுத்தொடர் நிலை

மரபுத்தொடர்களின் பெயர்ப்பை மூவகைப்படுத்தலாம்.

முதலாவது, படிமம் நிலைபெறுவது. மறுக்கவியலாச் சான்றைக் குறிக்கும் ‘புகையும் துப்பாக்கி’ என்னும் ஆங்கிலத் தொடர், 1974இல் வெளியான வாட்டர்கேட் ஒலிநாடாவுக்குப் பெயராயிற்று. செருமானியம் இதனைப் ‘புகையும் கோல்ட்’ என்கிறது. பொதுப்பெயரின் இடத்தில் அமெரிக்கத் துப்பாக்கி ஒன்றின் பெயர் அமர்கிறது.

இரண்டாவது, படிமம் திரிவது. ஒருவரை வற்புறுத்த ஆங்கிலம் துப்பாக்கியைத் தலையில் வைக்கிறது; செருமானியமோ ‘பிஸ்டோலே’யை மார்பில் வைக்கிறது.

மூன்றாவது, கருவி மறைவது. ஓட்டப்பந்தயத்தின் தொடக்க வெடியொலிக்கு முன்பே பாய்வதைக் கொண்டு அவசரச் செயலைச் சுட்டும் ஆங்கிலத் தொடர், செருமானியத்தில் ‘முந்திச் செயற்படல்’ எனப் பொருளளவில் சுருங்கும்.

எதிர்த்திசையிலும் இந்நிலை உண்டு. மனந்தளர்ந்து கைவிடுதலைச் செருமானியர் ‘துப்பாக்கியைத் தானியப் பயிருக்குள் எறிதல்’ என்பர். ஆங்கிலத்திலோ குத்துச்சண்டைக் களத்தில் துவாலை எறியப்படும். மிக மோசமானதைக் குறிக்கும் ‘உண்டர் அல்லர் கனோனே’ என்பதில் பீரங்கியே இல்லை. அளவுகோல் எனப் பொருள்படும் இலத்தீன் ‘கனோன்’ ஒலியொப்புமையால் அவ்வாறு திரிந்தது. சொல்வடிவை நம்பிப் பெயர்ப்பவர் இங்கு வழுவுவர்.

முடிவுரை

சொல் நிலையில் கருவியின் வகையும், தொடர் நிலையில் பயன்பாட்டுப் பொருளும் நிகரனைத் தீர்மானிக்கின்றன. ‘கன்’ என்பதை விளக்க இக்கட்டுரைக்கே துப்பாக்கி, பீரங்கி என இரு சொற்கள் தேவைப்பட்டமை, இச்சிக்கல் தமிழ் மொழிபெயர்ப்பாளருக்கும் உரியது என்பதைக் காட்டும். படிமத்தைக் காப்பதா, பொருளைக் காப்பதா என்பதை அகராதி முடிவுசெய்வதில்லை. பனுவலின் தேவையே முடிவுசெய்கிறது.