தூரத்திலிருந்தே கம்ப்யூட்டர் வைத்தியம்!

‘சுகர் ரிப்போர்ட்டைத் தொறக்கவே முடியல்ல, கம்ப்யூட்டர் மக்கர் பண்ணுது’ என்று தக்கலை சிநேகிதி போனில் புலம்புகிறாரா? நாகர்கோவிலிலிருந்து பஸ் ஏற வேண்டாம். (முதுகுவலியும் மிச்சம்!) விண்டோஸ் 10, 11-ல் ‘குயிக் அசிஸ்ட்’ இருக்கிறது. இருவரும் திறந்துகொள்ளுங்கள். உதவப்போகும் நீங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால் ஒரு குறியீடு வரும், போனில் சொல்லுங்கள். அவர் அதை அடித்து, சம்மதித்தால் அவர் திரை உங்களுக்குத் தெரியும். மவுஸை நீங்கள் நகர்த்த, அவர் மறுபடி அனுமதிக்க வேண்டும்.

திருடனுக்கும் இதே வாசல்தான்! ‘பேங்க்லேர்ந்து பேசறோம்’ என்று யாராவது அழைத்து, இப்படி ஏதாவது போடச் சொன்னால் போனை வைத்துவிடச் சொல்லுங்கள். ‘எனிடெஸ்க்’ மோசடி பற்றி ரிசர்வ் வங்கி 2019-லேயே எச்சரித்தது. பணம் போய்விட்டதா? பிள்ளைகள் திட்டுவார்களே என்று மறைத்து, தூக்கத்தையும் பி.பி.யையும் கெடுத்துக்கொள்ள வேண்டாம். நெட்டைத் துண்டித்துவிட்டு, உடனே 1930-க்குப் போன் பண்ணச் சொல்லுங்கள்.