உயர்த்திய வண்டியும் சுழல்தண்டும்

மலைநாட்டுத் தோட்டப் பாதைகளில் அடி தட்டாதிருக்கப் பழைய லாண்ட் ரோவர் வண்டிகளை உயர்த்துவோர் உளர். பின்னர் அவை அதிர்வது ஏன் என்பதை ஈண்டு ஆராய்வாம்.

கியர்ப்பெட்டியையும் பின்னச்சையும் இணைக்கும் சுழல்தண்டின் இரு முனைகளிலும் சிலுவை மூட்டுகள் உள. சாய்ந்து சுழலும் மூட்டு ஒவ்வொரு சுற்றிலும் வேகத்தை இருமுறை கூட்டிக் குறைக்கும். சாய்வு 10 பாகையாயின் இவ்வேறுபாடு மேலும் கீழும் ஏறத்தாழ 1.5 சதவீதம், 20 பாகையாயின் 6 சதவீதம். இரு கோணங்களும் சமமாகி, தண்டின் இருமுனைக் கவைகளும் ஒரே தளத்தில் நிற்பின், ஒன்றன் குறையை மற்றது நீக்கும். ஆகவே, வில்லுக்கும் அச்சுக்கும் இடையே உலோக ஆப்பு வைத்து, பின்னச்சின் பற்சக்கரத் தண்டைக் கியர்ப்பெட்டித் தண்டுக்கு இணையாக்குதல் வேண்டும். ஆயினும் நடுத்தண்டின் வேக ஏற்றத்தாழ்வு நீங்காது. அளவிறந்து உயர்த்தல் தகாது.

இவ்வண்டிகளின் கைப்பிரேக் கியர்ப்பெட்டியின் பின்புறத்தையே பிடிப்பது. பின்தண்டு முறிந்தால் அது பின்சக்கரங்களை நிறுத்தாது. மலைச்சரிவில் அதன் விளைவை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.