நாட்டுக்கோழி வளர்ப்பு: குஞ்சுகளைக் காத்தலே முட்டைக்கு வழி

களத்தில் சிந்திய தானியத்தையும் எருக்குழியிலுள்ள புழுபூச்சிகளையும் பொறுக்கித் தின்று, அதிகச் செலவின்றி முட்டையிடும் நாட்டுக்கோழிகளை, வீட்டுப் பெண்டிரின் சில்லறை வரும்படியென்றே பெரும்பாலோர் கருதிக் கவனியாது விடுகின்றனர். முட்டை போதாதபோது சாதிக்கோழி வாங்கலாமா என்று விசாரிப்போர், அதற்குமுன் தம் வீட்டில் பொரித்த குஞ்சுகளில் எத்தனை வளர்ந்து முட்டைக்கு வந்தன என்று கணக்கிட்டுப் பார்ப்பது நலம்.

நாட்டுப்பெட்டை ஒரு முறைக்கு 12 முதல் 15 முட்டை வரை இட்டு அடைக்கு உட்காரும். 21 நாள் அடைகாத்தபின், இரண்டு மூன்று மாதம் குஞ்சுகளை மேய்த்துத் திரியும். அக்காலமெல்லாம் அது முட்டையிடுவதில்லை. உதாரணமாக, 12 முட்டை வைத்து 10 குஞ்சு பொரித்ததாகக் கொள்வோம். அவற்றுள் 3 மட்டும் பிழைத்தால், சேவல் போக மிஞ்சும் பெட்டை ஒன்றோ இரண்டோதான். 8 பிழைத்தால் ஏறக்குறைய நான்கு. தாய்க்கோழி முட்டையிடாதிருந்த காலம் இரண்டிலும் ஒன்றே. ஆகையால் குஞ்சு சாவதனால் நேரும் நஷ்டம் இரட்டை நஷ்டமாகும்.

அடை வைத்தல்

இட்ட தேதியைக் கரிக்கட்டியால் முட்டையின்மேல் குறித்துவைத்து, ஒரு வாரத்திற்கு மேற்படாத முட்டைகளையே அடைக்கு வைக்கவேண்டும். ஒரு கோழி 10 அல்லது 12 முட்டைகளையே நன்றாக மூடிக் காக்கும். இடிக்கு அஞ்சிக் கூடையில் இரும்புத் துண்டும் கரியும் இடுவது பழைய வழக்கம், அதனால் தீங்கில்லை. ஆனால் அதனினும் அவசியமானது, தாய்க்கோழியின் இறகுக்குள் பேனும் செள்ளும் இல்லையென்று பார்த்து உட்காரவைப்பதே. ஏழாம் நாள் இரவில் முட்டையை விளக்கொளியில் பிடித்துப் பார்த்தால், கருவுள்ளதில் சிவந்த நரம்புகள் தோன்றும், தெளிவாயிருப்பது கூமுட்டை. அதனை நீக்கிவிடலாம்.

முதல் எட்டு வாரம்

காகம், பருந்து, கீரி, பூனை இவற்றிற்கு இரையாவதும், ஈரத்தில் நனைந்து விறைத்துச் சாவதும் இப்பருவத்திலேயே அதிகம். ஆதலின் முதல் மூன்று வாரம் குஞ்சுகளைத் தாயுடன் பஞ்சாரத்தில் அடைத்து வளர்த்தல் வேண்டும். பஞ்சாரத்தை நாள்தோறும் உலர்ந்த புது இடத்திற்கு மாற்றவேண்டும்; ஒரே ஈரத்தரையில் வைத்தால் இரத்தக் கழிச்சல் காணும். நொய்யும் இடித்த கம்பும் தீனியாக உதவும். பழம்பானையில் ஈரச்சாணமும் வைக்கோலும் திணித்து, கறையானுள்ள நிலத்தில் மாலையில் கவிழ்த்துவைத்தால், காலையில் கறையான் சேர்ந்திருக்கும். குஞ்சுகளுக்கு அது சிறந்த ஊட்டம். தண்ணீரை ஆழமில்லாத தட்டில் வைப்பது முக்கியம்.

இராக்கூடும் தீனியும்

வளர்ந்த கோழி ஒன்றிற்கு ஒரு சதுர அடிக்குக் குறையாமல் இடமுள்ள கூடு வேண்டும். பத்துக் கோழிக்கு 4 அடி நீளமும் 3 அடி அகலமும் போதும். தரையினின்றும் 2 அடி உயர்த்திக் கட்டினால் ஈரமும் கீரியும் அணுகா. மாலையில் கூட்டருகே ஆளுக்கொரு பிடியாகத் தானியம் இறைத்துப் பழக்கினால், கோழிகள் தாமே வந்து அடையும். நான்கைந்து பெட்டைகளுக்கு ஒரு முட்டைப்பெட்டி வீதம் வைத்தால், வைக்கோற்போரில் முட்டை மறைந்து கெடாது. ஓட்டிற்குச் சுண்ணச்சத்து தேவையாதலால், கிளிஞ்சல் தூளை ஒரு சட்டியில் எப்போதும் வைத்திருத்தல் வேண்டும். பூச்சிமருந்து தெளித்த வயலிலும், மருந்து கலந்த விதை விதைத்த நிலத்திலும் கோழியை மேயவிடலாகாது.

வெள்ளைக் கழிச்சல்

இவையனைத்தும் செய்தும், வெள்ளைக் கழிச்சல் புகுந்தால் கூடு ஒரே வாரத்தில் வெறுமையாகும். 1927-ஆம் ஆண்டில் குமாவோன் மலையிலுள்ள ராணிக்கேத்தில் கண்டறியப்பட்டமையால் இது ராணிக்கேத் நோய் எனவும் வழங்கும். பச்சையும் வெள்ளையுமாய்க் கழிதல், வாய்திறந்து மூச்சுவாங்குதல், கழுத்துத் திருகல், கால் முடங்கல் ஆகியன இதன் குறிகள். கண்டபின் இதற்கு மருந்தில்லை, தடுப்பூசியொன்றே காப்பு. குஞ்சுக்கு ஏழாம் நாளில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டும், எட்டாம் வாரத்தில் இறக்கைத் தோலின்கீழ் ஊசியும் போடுவது வழக்கம். தடுப்பு மருந்து வெப்பத்தில் வீரியம் இழக்குமாதலால், பனிக்கட்டியில் வைத்தே கொண்டுவந்து, கரைத்தவுடன் செலவிட்டுவிடவேண்டும். சந்தையில் வாங்கிய கோழியை மூன்று வாரம் தனியே கட்டிவைத்த பின்னரே மற்றவற்றோடு சேர்க்கலாம். செத்ததைத் தெருவில் எறியாமலும் ஆற்றில் விடாமலும், சுண்ணாம்பிட்டு ஆழப் புதைத்தல் அவசியம்.

கிராம அதிகாரிகள் கவனிக்கவேண்டியது

மேய்ச்சற்கோழிக்கு வேலியில்லை. ஒருவர் ஊசி போட்டு, அடுத்த வீட்டார் போடாதிருப்பின், நோய் ஊரைவிட்டு நீங்காது. ஒரு குப்பி மருந்து பல கோழிகளுக்குப் போதுமாதலால், பத்துக் கோழியுடையவர் தனியே வாங்குதலும் வீணே. எனவே, கோடை தொடங்குமுன் கால்நடை மருத்துவருடன் கலந்து ஒரு நாளைக் குறித்து, அதனை முன்கூட்டியே ஊரில் அறிவித்து, கோழிகள் கூட்டைவிட்டு இறங்காத விடியற்காலையில் எல்லா வீடுகளிலும் ஊசி போடும்படி ஏற்பாடு செய்தல் அதிகாரிகளின் கடமை. பெரிய நிலக்காரர் தம் வீட்டுக் கோழிகளுக்கே முதலில் போடுவித்தால், ஏனையோரும் தயக்கமின்றி முன்வருவர். ஊர்முழுவதும் ஒரே காலையில் செய்யும் இச்சிறு வேலையினால், நிலமில்லாத ஏழையின் வீட்டிலும் முட்டைக்கூடை வெறுமையாகாது.