வயதான பூனையும் மிருக வைத்தியரும்

யேர்மனியில் ஒன்றரைக் கோடிக்கும் அதிகமான பூனைகள் வீடுகளில் வளர்கின்றன. உங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கிறதா? அதற்கு 10 வயது தாண்டிவிட்டதா? அப்படியென்றால் அது இப்போது ஒரு அம்மம்மா, அல்லது ஒரு தாத்தா!

அம்மம்மாவுக்குக் கால் நொந்தால், "கால் உளையுது பிள்ளை" என்று சொல்லுவா. பூனை சொல்லாது. நோவை மறைத்துக்கொண்டு பேசாமல் படுத்திருக்கும். வயதான பூனைகள் பலவற்றுக்கு மூட்டு நோவும் சிறுநீரக நோயும் வரும். அதனால் வருடத்தில் ஒரு தடவையாவது, முடிந்தால் இரண்டு தடவை, மிருக வைத்தியரிடம் காட்டவேண்டும். "பாவம், பயத்தில கத்துது, விடுவம்" என்று விட்டுவிட்டால், நோய் உள்ளே வளர்ந்துவிடும்.

பூனையின் பயம் வைத்தியரிடம் தொடங்குவதில்லை. வீட்டிலேதான் தொடங்குகிறது. கெல்லரில் கிடந்த பூனைப் பெட்டி மேலே வந்ததும் அது கட்டிலுக்குக் கீழே ஓடும். "கெதியாப் பிடி! நேரம் போகுது!" என்று எல்லாரும் துரத்துவார்கள். பிறகு அது எப்படி அமைதியாக இருக்கும்?

பெட்டியை எப்போதும் வீட்டுக்குள் திறந்தே வையுங்கள். பூனை படுக்கும் பழைய போர்வையை உள்ளே விரியுங்கள். தன் மணம் இருக்கும் இடம் பூனைக்குப் பிடிக்கும். இடைக்கிடை ஒரு மீன் துண்டும் வையுங்கள். சில கிழமைகளில் அது தானாகப் போய்ப் படுக்கும். அவசரப்படுத்தாதீர்கள். மேல்மூடி கழற்றும் பெட்டி என்றால் இன்னும் நல்லது. மூட்டு நோகும் பூனையை வெளியே இழுக்கத் தேவையில்லை. கீழ்ப்பாதியில் படுத்திருக்கும்போதே வைத்தியர் பார்க்கலாம்.

போகும்போது பெட்டியைத் துவாயால் மூடுங்கள். ஆட்டாமல், இரண்டு கைகளாலும் அடியில் பிடித்துத் தூக்குங்கள். (டொய்ச்ச பான் தொடருந்தில் பெட்டிக்குள் இருக்கும் பூனைக்குப் பயணச்சீட்டு வேண்டாம்!) வைத்தியரிடம் காத்திருக்கும்போது பெட்டியை நிலத்தில் வைக்காதீர்கள். நாய் வந்து மோந்து பார்க்கும். மடியில் வையுங்கள். பூனையைப் பார்த்து மெதுவாகக் கண்களை மூடித் திறவுங்கள். "பயப்பிடாதை, நான் இஞ்சதான் நிக்கிறன்" என்று சொல்வது போல அது.

மிகவும் பயப்படும் பூனைக்கு வைத்தியரே மருந்து தருவார். எங்கள் மருந்தை ஒருபோதும் கொடுக்கக்கூடாது. ஒரு பரசிற்றமோல் குளிசையே பூனையைக் கொன்றுவிடும்.

பயிற்சி
1. பூனைப் பெட்டியை ஏன் கெல்லரில் வைக்கக்கூடாது?
2. "கெதியாப் பிடி", "நான் இஞ்சதான் நிக்கிறன்" என்பவற்றை எழுத்துத் தமிழில் எழுதுக.
3. உங்கள் அம்மம்மாவோ அப்பம்மாவோ வளர்த்த பூனையைப் பற்றிக் கேட்டு, ஐந்து வசனங்கள் எழுதுக.