பழைய மோட்டார்க் கார் ஸ்ராட் ஆகாமையும் அதன் காரணத்தை அறியும் முறையும்

விடியற்காலை நான்கு மணிக்குச் சந்தைக்குப் புறப்படவேண்டிய வண்டி முற்றத்தில் அசையாது நின்றுவிட்டால், முதல்நாள் மாலையில் ஆய்ந்து கட்டிய கத்தரிக்காயும் பிடுங்கிய கீரையும் வெயிலேற வாடிவிடும். சுன்னாகம், மருதனார்மடம், திருநெல்வேலி, கொடிகாமம் ஆகிய சந்தைகளுக்கு நேரங்கழித்துச் செல்லும் கமக்காரர், வியாபாரி கூறும் விலைக்கே தம் விளைவைக் கொடுத்துவிட்டுத் திரும்ப நேரிடும். பயிரின் நோயைப் பற்றி எழுதும் இவ்வரிசையில் மோட்டார்க் காரின் நோயைப் பற்றி எழுதுவதற்கு இதுவே காரணம். மேலும், காரின் பிளக்கையும் பொயின்ரையும் சோதிக்கக் கற்றவர் தம் தோட்டத்து நீரிறைக்கும் இயந்திரத்தின் பிளக்கைக் கண்டு அஞ்சமாட்டார்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஒஸ்ரின் ஏ-40, ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ், மொறிஸ் மைனர் முதலிய பழைய பிரித்தானிய வண்டிகள் இன்றும் ஓடுகின்றன. ஏ-40 வகையுள் ‘சொமசெற்’ எனப்படுவது 1952 முதல் 1954 வரை செய்யப்பட்டது. மொறிஸ் மைனர் 1948 இல் வெளிவந்தது. 1990 யூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டபின், குடாநாட்டுக்குப் பெற்றோல் கொண்டுவருதல் தடைசெய்யப்பட்டது. சிறிதளவு பெற்றோலை விட்டு இயந்திரத்தைச் சூடாக்கிப் பின் மண்ணெண்ணெயில் ஓடச்செய்ய அக்காலத்தில் இடங்கொடுத்தவை இவ்வண்டிகளே. 2020 மார்ச்சு முதல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 இல் மீண்டும் அனுமதிக்கப்படும் வரை, உள்ளதைப் பேணுவதே பலருக்கு வழியாயிற்று. இவற்றில் நுண்ணிய மின்னணுக் கருவிகள் எவையுமில்லை. கண்ணாற் பார்த்தும் கையால் தொட்டும் குறையை அறியக்கூடிய வண்டிகள் இவை.

ஸ்ராட்டர் சுழலாவிட்டால்

வண்டி ஸ்ராட் ஆகாவிடின் நம்மவர் முதலிற் குறைகூறுவது பற்றறியையே. உண்மையில் பற்றறி நல்ல நிலையிலிருந்தும் மின்சாரம் ஸ்ராட்டரைச் சென்றடையாமையே பலமுறை காரணமாகின்றது. கிணற்றில் நீர் நிறைந்திருந்தும் வாய்க்காலில் அடைப்பு இருப்பின் கடைப் பாத்திக்கு நீர் சேராதல்லவா? அவ்வாறே இதனையுங் கொள்க. முன்விளக்குகள் இரண்டுக்கும் வேண்டுவது ஏறக்குறைய ஏழு அம்பியர் மாத்திரமே. ஸ்ராட்டர் சுழலத் தொடங்கும்போது நூறு அம்பியருக்கு மேல் வேண்டும். ஒரு செம்பு நீர் கசிந்து வரக்கூடிய அடைபட்ட வாய்க்காலால் பாத்தி நிரம்பாதது போல, விளக்கைப் பிரகாசமாக எரியவைக்கும் துருப்பிடித்த இணைப்பு ஸ்ராட்டரைச் சுழற்றப் போதாது. ஆகையால் விளக்கு எரிகின்றது என்பதைக் கொண்டு இணைப்புகள் நல்லவை என முடிவுசெய்தல் தவறு.

முதற் சோதனைக்கு எவ்விதக் கருவியும் வேண்டியதில்லை. முன்விளக்குகளைப் போட்டு, ஒருவரை வண்டியின் முன்னே நிற்கச்செய்து, ஸ்ராட்டரை இயக்குக. விளக்கு சிறிதும் மங்காமல் ஸ்ராட்டரும் ஓசையின்றி இருப்பின், மின்சாரம் அதற்குச் செல்லவேயில்லை. ஸ்ராட்டர் சுவிச்சையும் அதன் தடித்த வயர்களையும் பார்க்கவேண்டும். பழைய மொறிஸ் மைனர்களிற் பலவற்றில் இச்சுவிச்சு ஒரு கம்பியால் இழுக்கப்படுவது. அதன் உள்ளேயுள்ள செப்புத் தகடுகள் கருகியிருக்கக்கூடும். விளக்கு முற்றாக மங்கிவிடின் பற்றறி வலுவிழந்திருக்கலாம், இணைப்பு கெட்டிருக்கலாம், அல்லது ஸ்ராட்டரின் பற்சில்லு இயந்திரத்தின் பெரிய சில்லோடு இறுகிக்கொண்டிருக்கலாம். பற்சில்லு இறுகியிருப்பின், சாவியை நிறுத்தி, உச்சக் கியரில் இட்டு, வண்டியை முன்னும் பின்னும் சற்றே அசைக்க அது விடுபடும்.

மல்ரிமீற்றர் இப்பொழுது மலிவாகக் கிடைக்கின்றது. கமக்காரர் ஒவ்வொருவரும் ஒன்று வைத்திருத்தல் நன்று. இரவு முழுவதும் ஓய்ந்திருந்த பற்றறியின் இரு ஈயமுனைகளிலும் வைத்துப் பார்க்கும்போது 12.6 வோல்ற் அளவில் இருப்பின் அது நிறைந்துள்ளது, 12.2 எனின் ஏறக்குறையப் பாதி, 12.0 க்குக் கீழெனின் முதலில் அதனைச் சார்ஜ் செய்யவேண்டும். ஸ்ராட்டர் இயங்கும்போதே பார்க்கையில் 9.5 க்குக் கீழே இறங்கினால், பற்றறியையே ஐயுறுதல் தகும்.

வலிகாமப் பகுதியிலுள்ள ஒரு கமக்காரர் தமது ஏ-40 வண்டிக்கு ஓராண்டில் இரண்டு பற்றறிகள் வாங்கினார். இரண்டும் ‘பழுது’ என ஒரு கராச்சில் அவருக்குக் கூறப்பட்டது. மூன்றாவதற்காக, விதை வெங்காயத்துக்கென ஒதுக்கியிருந்த பணத்தை எடுக்க எண்ணியிருந்த வேளையில், வேறொரு கருமமாக நான் அவர் தோட்டத்துக்குச் சென்றேன். “தம்பி, ஸ்ராட் பண்ணேக்கை சோக்கிலை கை வைச்சால் சுடுகுது. அது ஏனெண்டுதான் விளங்கேல்லை” என்று அவர் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். குறை எங்கேயென்பதை அவர் தம்மை அறியாமலே கூறிவிட்டார். இயந்திரம் இறப்பர்த் தாங்கிகளின் மேல் அமர்ந்திருப்பதால், அதனையும் வண்டியின் உடலையும் இணைப்பதற்குப் பின்னிய செப்புப் பட்டியொன்று உண்டு. அப்பட்டி உப்புக்காற்றால் அரிக்கப்பட்டுச் சில இழைகளே எஞ்சியிருந்தன. வழியில்லாத மின்சாரம் சோக் கம்பியினூடாகத் திரும்பிச் சென்றமையாற் கம்பி சூடாயிற்று. பற்றறியின் உடலோடு இணைந்த முனைக்கும் இயந்திரத்தின் வெற்றிரும்புக்குமிடையில் மீற்றரை வைத்து ஸ்ராட்டரை இயக்கியபோது இரண்டு வோல்றுக்கு மேற் காட்டியது. அது அரை வோல்றுக்கு மேற்படலாகாது. புதுப் பட்டி பூட்டியதும், கழித்துவைத்த பழைய பற்றறியோடேயே வண்டி ஸ்ராட் ஆயிற்று. முதலில் வாங்கியதை அவர் ஏற்கெனவே பழைய இரும்பு வாங்குபவரிடம் கொடுத்துவிட்டார்.

இதே சோதனையை ஒவ்வோர் இணைப்பிலும் செய்யலாம். மீற்றர் இல்லாதவர், ஸ்ராட்டரைச் சில விநாடி இயக்கியபின் இணைப்புகளைத் தொட்டுப் பார்க்க. சூடாயிருக்கும் இணைப்பே குற்றமுள்ளது. பற்றறி முனைகளிற் பூஞ்சணம்போல வெண்பச்சை நிறமாகப் படிந்திருப்பதை, அப்பச்சோடா கரைத்த இளஞ்சூட்டு நீராற் கழுவுக. அந்நீர் பற்றறியின் அறைகளுக்குள் ஒருதுளியேனும் செல்லலாகாது. பின்பு ஈயம் பளபளக்கச் சுரண்டி, இறுகப் பூட்டி, மேலே வசலின் பூசுக. பூட்டுமுன் பூசுதல் கூடாது. கடற்கரையை அடுத்த ஊர்களில் உள்ளோர் இதனை மூன்று மாதத்துக்கொருமுறை செய்தல் வேண்டும்.

ஓர் எச்சரிக்கை

இப்பழைய வண்டிகளிற் பெரும்பாலானவற்றில் பற்றறியின் நேர்முனையே வண்டியின் உடலோடு இணைக்கப்பட்டுள்ளது. இக்கால வண்டிகளில் மறைமுனையே அவ்வாறு இணைக்கப்படும். புதிய வண்டிகளிற் பழகிய இளைஞர், பற்றறியை மாற்றும்போது வழக்கப்படி திருப்பிப் பூட்டிவிடுவதுண்டு. இடையில் ஒருவர் வயரிங்கை மாற்றியிருக்கவுங்கூடும். ஆதலாற் கழற்றுமுன் எந்த முனை உடலோடு சேர்ந்திருந்தது என்பதைப் பார்த்து, சுண்ணாம்பாலேனும் குறித்துவைக்க.

வேறொரு வண்டியின் பற்றறியைத் துணைக்கொண்டு ஸ்ராட் செய்யும்போது, நேரை நேரோடும் மறையை மறையோடும் இணைக்கவேண்டும். ஒரு வண்டியின் உடல் நேராகவும் மற்றதன் உடல் மறையாகவும் இருப்பின், இரண்டின் பம்பர்களும் முட்டிக்கொண்டிருத்தல் பேராபத்து. சார்ஜ் ஆகும் பற்றறியிலிருந்து ஐதரசன் வாயு வெளிவரும். அதனருகிற் பீடி, சுருட்டு, கைவிளக்கு எதுவும் ஆகாது.

ஸ்ராட்டர் சுழன்றும் இயந்திரம் பிடிக்காவிட்டால்

இந்நிலையில் ஸ்ராட்டரை மேன்மேலும் இயக்கி உள்ள மின்சாரத்தையும் தீர்த்துவிடாதீர்கள். பொறி இல்லையா, பெற்றோல் இல்லையா என்பதை முதலில் அறிக. ஒரு பிளக்கைக் கழற்றி, அதனை அதன் வயரிலேயே பூட்டி, இயந்திரத்தின் இரும்பின்மேல் படும்படி கிடத்தி, மற்றவரைக் கொண்டு ஸ்ராட்டரை இயக்குக. பிளக்கையோ வயரையோ கையாற் பிடிக்கலாகாது. சிந்திய பெற்றோல் அயலில் இருத்தலும் ஆகாது. நீலமான, சடசடவென ஒலிக்கும் பொறி நன்று. மஞ்சளாகவோ இடைவிட்டோ தோன்றும் பொறி வலுவற்றது.

பொறி எதுவும் இல்லையாயின், கொயிலிலிருந்து டிஸ்ரிபியூற்றரின் நடுவே வரும் தடித்த வயரைக் கழற்றி, அதன் நுனியை உலர்ந்த மரக் கவ்வியொன்றால் இயந்திர இரும்புக்குக் கால் அங்குலத் தூரத்தில் நிறுத்திச் சோதிக்க. அங்கே பொறி பாய்ந்து பிளக்கிற் பாயாதிருப்பின், குறை டிஸ்ரிபியூற்றர் மூடியில் அல்லது உள்ளே சுழலும் றோற்றரில் உள்ளது. அங்கும் இல்லையெனின் பொயின்ரைப் பார்க்கவேண்டும்.

இதற்குப் பன்னிரண்டு வோல்ற் சிறுபல்பு ஒன்றும் இரு துண்டு வயரும் போதும். கொயிலில் டிஸ்ரிபியூற்றருக்கு வயர் செல்லும் சிறிய முனையில் ஒரு வயரையும் வண்டியின் உடலில் மற்றதையும் வைத்து, சாவியைப் போட்டு இயந்திரத்தைச் சுழற்றுக. பல்பு மின்னி மின்னி எரியின் பொயின்ர் தன் தொழிலைச் செய்கின்றது. எப்போதும் எரிந்துகொண்டேயிருப்பின் பொயின்ர் மூடவில்லை, அல்லது அதன்மேல் எண்ணெயோ கருக்கோ படிந்துள்ளது. சற்றும் எரியாவிடின், கொயிலின் மற்றைச் சிறிய முனையிற் சோதிக்க. அங்கும் எரியாதாயின் சாவியிலிருந்து வரும் வயரிற் குறை. அங்கே எரிந்து இங்கே எரியாதாயின் கொயில் அறுந்திருக்கலாம், அல்லது பொயின்ரோ கொண்டென்சரோ உடலோடு ஒட்டிக்கொண்டிருக்கலாம்.

பொயின்ரை நுண்ணிய அரத்தாற் சீராக்கி, பெற்றோலில் நனைத்த துணியால் துடைக்க. மொறிஸ் மைனர் 1000 வண்டிக்குப் பொயின்ர் முற்றாகத் திறந்திருக்கும்போது இடைவெளி ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 14 முதல் 16 பங்கு. பிளக்குக்கு 25 பங்கு. பொயின்ர் விரைவிற் கருகி நீலம்பாரித்தால் கொண்டென்சரை மாற்றவேண்டும். புதிதாக வரும் கொண்டென்சர்களிற் சில பழையனவற்றின் தரத்துக்கு வருவதில்லை என்பது என் அனுபவம். ஆகவே, குற்றமற்ற பழையதொன்று கையிலிருப்பின் எறிந்துவிடாதீர்கள்.

ஐப்பசி முதல் மார்கழி வரை, வடகீழ்ப் பருவமழைக் காலத்தில், இவ்வளவு தூரம் செல்லுமுன் டிஸ்ரிபியூற்றர் மூடியைக் கழற்றிப் பார்ப்பதே முதற்கருமம். உள்ளே ஈரம் படிந்திருப்பின் உலர்ந்த துணியால் துடைத்தாற் போதும். பென்சிலாற் கீறியதுபோலக் கருங்கோடு ஓடியிருந்தால் பொறி அவ்வழியே ஒழுகிவிடும். அம்மூடியைத் துடைத்துப் பயனில்லை. இரவில் முற்றத்திலே நிற்கும் வண்டியின் முன்மூடிமேல் ஒரு சாக்கை விரித்துவிடுதல் பனியைத் தடுக்கும்.

பொறி நன்றாயிருப்பின் குறை பெற்றோலில். மொறிஸ் மைனரிற் சாவியைப் போட்டதும் மின்சாரப் பெற்றோல் பம் ‘டிக், டிக்’ எனச் சில முறை ஒலித்து ஓயவேண்டும். ஒலியேயில்லாவிடின் அதனை மெதுவாகத் தட்டிப் பார்க்க. ஓயாது ஒலித்தால் தாங்கி வெறுமை, அல்லது குழாயிற் காற்று.

பற்றறி நாளுக்கு நாள் இளைத்தால்

சந்தைக்குப் போகும் வண்டிக்கே உரிய ஒரு நோயுண்டு. விடியுமுன் விளக்குகளைப் போட்டுக்கொண்டு, பாரத்தோடு, மூன்று நான்கு மைல் மெதுவாகச் செல்லும் வண்டி, ஸ்ராட்டர் எடுத்த மின்சாரத்தைத் திருப்பிக் கொடுப்பதில்லை. விளக்குகளும் கொயிலும் சேர்ந்து பத்து அம்பியருக்கு மேற் கொள்ளும். பழைய டைனமோ வேகத்தில் இருபது அம்பியரளவு தரினும், இயந்திரம் மெதுவாக ஓடும்போது தருவது ஏறக்குறைய ஒன்றுமில்லை. பற்றறி புதியதாயினும் சில கிழமைகளில் இளைத்துவிடும். கிழமைக்கு ஒருமுறை பகலிற் சற்று நெடுந்தூரம் ஓட்டுக, அல்லது வீட்டிற் சிறு சார்ஜரில் இரவு முழுதும் இணைத்துவிடுக. ஓட்டும்போது சிவப்பு விளக்கு அணையாவிடின் முதலில் பான் பெல்ற்றைப் பார்க்க.

பற்றறிக்குக் கிணற்று நீரை ஊற்றலாகாது. சுண்ணக்கல்லினூடாக ஊறிவரும் நம் கிணற்று நீர் கேத்தலில் எவ்வளவு வெள்ளையாகப் படிகின்றது என்பதை இல்லத்தார் அறிவர். சில ஊர்களில் உப்பும் சேர்ந்துள்ளது. காய்ச்சி வடித்த நீரையே, தகடுகள் மூழ்கும் அளவுக்கு விடவேண்டும்.

பற்றறி முற்றாகத் தீர்ந்து உதவிக்கு ஒருவரும் இல்லாதபோது, முன்புறத்தில் இட்டுச் சுழற்றும் கைபிடிக் கம்பி கைகொடுக்கும். கியர் நடுநிலையில் உள்ளதா, கைப்பிறேக் இழுக்கப்பட்டுள்ளதா என்பதை இருமுறை பார்த்தபின்னரே அதனைத் தொடுக. இயந்திரம் எதிர்ப்புறம் உதைத்தால் மணிக்கட்டு முறியும். கம்பியைக் கீழ்நோக்கி அழுத்தாது மேல்நோக்கி இழுக்கவேண்டும். பெருவிரலைக் கம்பியைச் சுற்றிப் பிடிக்காது, மற்றை விரல்களோடு ஒரே பக்கத்தில் வைத்துக்கொள்ளவேண்டும்.